வெள்ளையடிக்க அடிக்க வரைந்தார்கள்: கெய்ரோ தெருச் சுவரின் கதை

சுவரில் யார் என்ன கிறுக்கினால் என்ன, நாலு வாளி பெயின்ட் அடிச்சா போச்சு என்றுதான் ஆட்சியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். எகிப்து தலைநகர் கெய்ரோவில் அது அவ்வளவு சுலபமாக முடியவில்லை.

தஹ்ரீர் சதுக்கத்திலிருந்து பிரிந்து உள்துறை அமைச்சகம் இருந்த பக்கம் போகும் சாலை, முகமது மஹ்மூத் தெரு. 2011 பிப்ரவரியில் முபாரக் பதவி விலக, ஆட்சி ராணுவக் குழுவின் கைக்குப் போனது. அதே ஆண்டு நவம்பர் 19-ல் இந்தத் தெருவில் தொடங்கிய மோதல் சில நாட்கள் நீடித்தது. 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலருக்குப் பார்வை போனது. ஜனவரி போராட்டத்தில் ஒரு கண்ணை இழந்திருந்த பல் மருத்துவர் அகமது ஹராரா, நவம்பரில் மற்றொரு கண்ணையும் இழந்தார்.

போராட்டக்காரர்களின் கண்களைக் குறிபார்த்துச் சுட்டதாக ஒரு போலீஸ் அதிகாரி மீது புகார். 'தேடப்படுபவர்' என்று அவருடைய முகம் கெய்ரோ சுவர்களில் ஏறியது. அட்டையில் உருவத்தை முன்கூட்டியே வெட்டிக்கொண்டு வந்து, சுவரில் வைத்து ஸ்ப்ரே அடிக்கும் ஸ்டென்சில் முறை இதற்கெல்லாம் ரொம்ப வசதி. சில விநாடி வேலை. போலீஸ் வருவதற்குள் ஆள் கிளம்பிவிடலாம். 2013-ல் அந்த அதிகாரிக்கு 3 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது.

சுவர் நினைவிடமானது எப்படி?

2012 பிப்ரவரி 1-ல் போர்ட் சயீத் கால்பந்து மைதான வன்முறையில் 70-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். லக்சர் நகரிலிருந்து வந்த ஓவியர்கள் அம்மார் அபு பக்கர், அலா அவாத் ஆகியோர் இந்தத் தெருவில் உள்ள அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் நீளமான சுவரை எடுத்துக்கொண்டார்கள். ஸ்டென்சில் அவசரம் இங்கே இல்லை. இறந்த இளைஞர்களின் முகங்களைச் சிறகுகளோடு, பெரிது பெரிதாக, நாள்கணக்கில் நின்று வரைந்தார்கள். பக்கத்திலேயே பண்டைய எகிப்தியக் கல்லறை ஓவியப் பாணியில் காட்சிகள்.

ராணுவம் சுற்றியுள்ள தெருக்களை கான்கிரீட் கற்களால் அடைத்தது. அதற்கும் பதில் வந்தது. 2012 மார்ச்சில், அடைப்புச் சுவர் மீதே அது மறைத்த தெருவை அப்படியே வரைந்துவிட்டார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் வழி திறந்திருப்பதுபோலத் தெரியும். கோஷம் எதுவும் எழுதாத இந்தப் படம்தான், என் கணக்கில், இருந்ததிலேயே கூர்மையானது.

அழித்தது யார்?

2012 செப்டம்பரில், மோர்சி அதிபராக இருந்தபோது, மாநகராட்சி ஊழியர்கள் சுவருக்கு வெள்ளையடித்தார்கள். அரசுக்கு எதிரான கோபத்தோடு இப்போது முகங்களை இழந்த கோபமும் சேர்ந்தது. உடனே ஓவியர்கள் திரும்பி வந்தார்கள். புதிதாக எழும்பிய படங்களில் ஒன்று, நாக்கைத் துருத்திக் காட்டும் முகம். சுத்தமான சுவர் கொடுத்ததற்கு நன்றி சொன்ன மாதிரி!

2013 நவம்பரில் ஓவியர்களே சுவரை மூடினார்கள். ராணுவச் சீருடைத் திட்டுகளை இளஞ்சிவப்பில் பூசி, மீண்டும் அதிகாரத்துக்கு வந்த ராணுவத்தைக் கேலி செய்தார்கள். அந்த மாதமே, முன்கூட்டித் தெரிவிக்காத போராட்டங்களைக் குற்றமாக்கும் சட்டம் வந்தது. பெயின்ட் சாதிக்காததைச் சிறை பயம் சாதித்தது. புதிய படங்கள் குறைந்தன.

2015 செப்டம்பரில் கட்டட இடிப்புப் பணிக்காக அந்தச் சுவரின் ஒரு பகுதி தகர்க்கப்பட்டது.