ஒரே பூ, இரண்டு வேலை: ஃபகிள் ஹாப் எப்படி இயங்குகிறது?

ரசம் வைக்கத் தெரிந்தவருக்கு பீர் காய்ச்சுவதில் பாதி புரிந்துவிடும். புளித்தண்ணீர் பச்சை வாசனை போகக் கொதிக்க வேண்டும். கொத்தமல்லித் தழையையும் அப்போதே போட்டால் தழை கறுத்துக் கிடக்கும், மணம் ஆவியோடு போயிருக்கும். அதனால்தான் நுரை கூடியதும் இறக்கி, தழையைக் கிள்ளிப் போட்டு, உடனே மூடிவைக்கிறோம். இங்கிலாந்தின் பழைய ஹாப் வகையான ஃபகிள், புளியின் வேலையையும் கொத்தமல்லியின் வேலையையும் ஒரே பூவுக்குள் வைத்திருக்கிறது. முதலில் போட்டால் கசப்பு, கடைசியில் போட்டால் மணம்.

ஹாப் ஒரு கொடி. வசந்தத்தில் மண்ணிலிருந்து கிளம்பி, கட்டிய கயிற்றைச் சுற்றிக்கொண்டு ஐந்தாறு மீட்டர் ஏறும். குளிர்காலத்தில் மேலே உள்ளதெல்லாம் பட்டுப்போகும், வேர் மட்டும் உயிரோடு இருக்கும். கஞ்சாச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்த இந்தக் கொடியில் ஆண் வேறு, பெண் வேறு. பீருக்கு வேண்டியது பெண் கொடியில் பூக்கும் பச்சைக் கூம்பு. அதன் செதில்களைப் பிரித்தால் அடியில் மஞ்சள் தூள் ஒட்டியிருக்கும். லூபுலின் என்ற அந்தத் தூளில்தான் சரக்கு இருக்கிறது: கசப்புக்கு ஆல்ஃபா அமிலங்கள் கொண்ட பிசின், மணத்துக்கு எண்ணெய். பறித்த கூம்பின் எடையில் பெரும்பகுதி தண்ணீர்தான். இங்கிலாந்தின் கென்ட் வட்டாரத்துக் கிராமங்களில் கூர்ங்கூரையோடு நிற்கும் ஓஸ்ட் வீடுகள் அந்த ஈரத்தை அனல் மூட்டிப் போக்குவதற்காகக் கட்டியவை.

முளைகட்டி உலர்த்திய பார்லியான மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்தால் அதன் மாவுச்சத்து சர்க்கரையாகிறது. வடித்தெடுக்கும் இனிப்புச் சாறு வோர்ட். ஹாப் சேர்க்காமல் அதைப் புளிக்கவைத்தால் மிஞ்சும் இனிப்பு திகட்டும். அதை முறிக்கத்தான் கசப்பு. வோர்ட் தளதளவென்று கொதிக்கத் தொடங்கியதும் ஃபகிளின் முதல் பங்கு அண்டாவில் விழுகிறது.

இந்த இடத்தில் ரசத்தை விட்டு விலக வேண்டும். மிளகின் காரம் மிளகிலேயே இருக்கிறது. கொதிநீர் அதை வெளியே இழுத்தால் போதும். ஆல்ஃபா அமிலம் அப்படியில்லை. வோர்ட்டில் அது எளிதில் கரையாது. கரைந்த கொஞ்சமும் கசப்பை அவ்வளவாகத் தராது. கொதியின் சூட்டில் அதன் மூலக்கூறு வடிவம் மாறுகிறது: ஆறு கார்பன் அணுக்களாலான வளையம் ஐந்தாகச் சுருங்குகிறது. ஓர் அணு கூடவும் இல்லை, குறையவும் இல்லை, அமைப்பு மட்டும் மாறி ஐசோ-ஆல்ஃபா அமிலமாகிறது. இது நன்றாகக் கரையும், நாவில் உறைக்கக் கசக்கும். ஆக, பீரின் கசப்பு பூவிலிருந்து இறங்கியதன்று, அண்டாவில் உருவானது. அதற்கு நேரம் பிடிக்கும் என்பதால்தான் ஒரு மணி நேரக் கொதி. அப்படிக் கொதித்தும் ஆல்ஃபா அமிலத்தில் ஏறத்தாழ கால் பங்குதான் பீரில் தங்கும். மீதி வண்டலோடும் ஈஸ்ட்டோடும் போய்விடும்.

கணக்குப் போட்டால் ஃபகிளின் குணம் தெரியும். 20 லிட்டர் பீர் காய்ச்சுகிறோம், லிட்டருக்கு 30 மில்லிகிராம் ஐசோ-ஆல்ஃபா அமிலம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 600 மில்லிகிராம். ஃபகிளில் ஆல்ஃபா அமிலம் சுமார் 4.5 சதவீதம், அதில் கால் பங்கு தேறும் என்றால் 53 கிராம் பூ போட வேண்டும். 11 சதவீதம் கொண்ட டார்கெட் என்ற ஹாப் வகையில் இதே கசப்புக்கு 22 கிராம் போதும். கசப்பை மட்டும் பார்க்கிற ஆலைக்கு ஃபகிள் கட்டுப்படியாகாது.

ஆனால் ஃபகிளைக் கசப்புக்காக மட்டும் வாங்குவது அதன் அருமை தெரியாத வேலை. அதன் உயிர் எண்ணெயில் இருக்கிறது. 100 கிராம் பூவில் சுமாராக ஒரு மில்லிலிட்டர்தான் எண்ணெய். மிர்சீன், ஹியூமுலீன், ஃபார்னசீன் என்று பல பொருள்கள் சேர்ந்த அந்தத் துளி, ஈர மண், மரப்பட்டை, வெட்டிய புல், கொஞ்சம் புதினா என்று மணக்கும். எலுமிச்சை போலவோ மாம்பழம் போலவோ பளிச்சென்று முன்னால் வந்து நிற்காது. மால்ட்டின் பிஸ்கட் வாசனைக்கு அடியில் படிந்து நிற்கும். இந்த எண்ணெய் எளிதில் ஆவியாகும். ஒரு மணி நேரக் கொதியில் அநேகமாக முழுதும் போய்விடும். ஆகவே இரண்டாம் பங்கை அடுப்பை அணைக்கச் சில நிமிடங்கள் முன்போ, அணைத்த பிறகோ போடுகிறார்கள். நேரம் போதாததால் கசப்பு அதிகம் ஏறாது, மணம் தங்கும். அதிலும் திருப்தியில்லாதவர்கள், புளித்து முடிந்த பீரைப் பீப்பாயில் நிரப்பும்போது ஒரு பிடி உலர்ந்த பூவை உள்ளே போட்டு அடைப்பார்கள். அங்கே சூடே இல்லை என்பதால், கசப்பு உருவாகாமல் எண்ணெய் மட்டும் மெல்லக் கரையும்.

ஹாப்பின் கசப்பு சுவைக்கு மட்டுமன்று: அதன் கசப்புப் பொருள்கள் பீரைப் புளிக்கடிக்கும் லாக்டோபேசில்லஸ் போன்ற பாக்டீரியாக்களை அடக்கும். வெப்ப நாடுகளுக்குப் போகும் பீருக்கு ஹாப்பைக் கூட்டிப் போட வேண்டும் என்று 18-ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தில் தெரிந்திருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் இந்தியாவுக்கு வந்த பேல் ஏல் என்ற பீர் அந்த அறிவில் பிறந்தது.

ஃபகிள் அதற்குப் பின்னால் வந்தது. கென்ட்டின் ஹார்ஸ்மண்டனில் 1861-இல் தற்செயலாக முளைத்த நாற்று அது, ரிச்சர்ட் ஃபகிள் என்பவர் 1875-இல் அதைப் பரப்பினார் என்பது நெடுங்காலம் வழங்கிய கதை. ஆவணங்களைத் துருவியவர்கள் இதில் ஐயம் எழுப்பியிருக்கிறார்கள். ஐயத்துக்கு இடமில்லாதது அதன் வெற்றி: 1949-இல் இங்கிலாந்தில் விளைந்த ஹாப்பில் 78 சதவீதம் ஃபகிள். தண்டை நறுக்கி நட்டுத்தான் பயிரைப் பெருக்குகிறார்கள் என்பதால் எல்லா ஃபகிள் கொடியும் மரபில் ஒரே கொடி. மண்ணில் வாழும் வெர்டிசிலியம் பூஞ்சையின் வாடல் நோயைத் தாங்கும் சக்தி அந்தக் கொடிக்கு இல்லை. கென்ட்டின் தோட்டங்கள் பாழாயின. நோயைத் தாங்கும், கசப்பும் மிகுந்த டார்கெட்டை இங்கிலாந்தின் வை (Wye) கல்லூரி 1972-இல் கொடுத்தபோது, விவசாயி அதற்கு மாறியதில் வியப்பில்லை. வருத்தம் எனக்கு வேறொன்றில்: ஹாப்பின் தரத்தையே ஆல்ஃபா சதவீதத்தால் அளக்கும் பழக்கம் வந்து, மணத்துக்கு விலையில்லாமல் போனது. இன்று ஃபகிள் பெரும்பாலும் ஹெர்ஃபோர்ட்ஷர், வொர்ஸ்டர்ஷர் பக்கம் குறைந்த பரப்பில் விளைகிறது.

அதன் வாரிசுகள் வெளியே தழைத்தன. அமெரிக்காவின் ஆரெகனில் உருவாக்கி 1970-களில் வெளியிட்ட கேஸ்கேட் ஹாப்புக்கு ஃபகிள் பாட்டி. கிச்சிலி வாசனை வீசும் அமெரிக்க பேல் ஏல் அதில்தான் வளர்ந்தது. ஆனால் பேத்தியைப் போட்டால் பாட்டியின் மண்வாசனை வராது. பிட்டர், மைல்ட், போர்ட்டர் போன்ற ஆங்கில பீர் வகைகளைக் காய்ச்ச விரும்புகிறவர் அந்த வாசனைக்கு ஃபகிளையே வாங்க வேண்டும். பொட்டலத்தில் அறுவடை ஆண்டைப் பாருங்கள்; பழையதென்றால் எண்ணெய் போயிருக்கும். வாங்கியதைக் காற்றுப் புகாமல் உறைநிலையில் வையுங்கள். ஃபகிள் கிடைக்கவில்லையென்றால் ஸ்லோவேனியாவில் விளையும் ஸ்டிரியன் கோல்டிங்ஸைக் கேளுங்கள். பெயரில் கோல்டிங்ஸ் என்ற வேறு ஹாப் வகை இருந்தாலும், அது ஸ்லோவேனிய மண்ணில் நட்ட ஃபகிள்தான்.