தரையிறங்கும் விமானமும் கோடைக் காற்றும்

வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல், கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை எனக் காற்றைத் திசையால் பகுத்துப் பெயரிட்டனர் நம் முன்னோர். விமான நிலையம் அமைப்போர்க்கும் இப்பகுப்பே முதற்பாடம். மதுரைக்குத் தெற்கே, பெருங்குடியை அடுத்துள்ள நிலையத்தின் ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. அதன் முனைகளில் எழுதப்பட்டுள்ள 09, 27 என்னும் எண்கள் 90, 270 பாகைத் திசைகளைக் குறிப்பன. ஆடியில் அம்மியையும் பறக்கச் செய்வதாகச் சொல்லப்படும் கோடையும், ஐப்பசிக்குப் பின் வீசும் கொண்டலும் ஏறத்தாழ இப்பாதைக்கு நேராகவே வருகின்றன.

விமானம் காற்றை எதிர்த்து இறங்குவது ஏன்? நால்வர் அமரும் சிறு விமானமொன்று காற்றினூடே மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் இறங்குவதாகக் கொள்வோம். எதிர்க்காற்று 30 கி.மீ. எனில், தரையைத் தொடுகையில் வேகம் 90; அக்காற்றே பின்னிருந்து தள்ளினால் 150. நிற்பதற்கு வேண்டிய தொலைவு வேகத்தின் வர்க்கத்திற்கேற்பக் கூடுவதால், பின்காற்றில் ஏறத்தாழ 3 மடங்கு பாதை வேண்டியதாகிறது.

எதிர்க்காற்றும் எப்போதும் நண்பனன்று. குன்றுகளைக் கடந்து வரும் காற்று சீராக வீசாது. சுழலும், திடீரென ஓயும். மேற்சொன்ன 30 கி.மீ. காற்று ஒரு நொடியில் ஓய்ந்துவிட்டால், இறக்கைகள் உணரும் வேகம் 90 ஆகக் குறைந்து, தாங்கும் விசை ஏறக்குறையப் பாதியாகிறது. உயரத்தில் இதனைச் சமாளிக்கலாம். தரைக்கு 10 மீட்டர் மேலே அதற்கு நேரமேது? பக்கக்காற்றோ ஓர் இறக்கையைத் தூக்கி மற்றதைத் தரையில் உரசச் செய்யும். ஏறத்தாழ ஒரு டன் எடையே உள்ள சிறு விமானத்திற்கு இவ்விடர் மிகுதி.

பெரிய விமானமும் காற்றின் கணக்கிலிருந்து தப்புவதில்லை. 2020 ஆகஸ்டு 7 அன்று துபாயிலிருந்து 190 பேருடன் கோழிக்கோட்டிற்கு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், கொட்டும் மழையில், பின்காற்றோடு இறங்கியது. சுமார் 2,700 மீட்டர் ஓடுபாதையில் ஏறத்தாழப் பாதியைக் கடந்த பின்னரே சக்கரங்கள் தரையைத் தொட்டன. மீண்டும் மேலெழும்புமாறு துணை விமானி கூறியதும் நிறைவேறவில்லை என விசாரணை அறிக்கை பதிவு செய்துள்ளது. பாதை முடிந்து பள்ளத்தில் விழுந்ததில் விமானிகள் இருவர் உட்பட 21 பேர் மாண்டனர். தொற்று அச்சத்தையும் பாராது, தம் வாகனங்களில் காயமுற்றோரை ஏற்றிச் சென்ற கொண்டோட்டி மக்களை ஈண்டு நினையாதிருத்தல் இயலாது.

2024 நவம்பர் 30 அன்று, ஃபெஞ்சல் புயல் நெருங்கிய வேளையில், சென்னையில் இறங்க முயன்ற இண்டிகோ விமானமொன்று பக்கக்காற்றில் தள்ளாடியது. தரையை ஒட்டி வந்த பின்னரும் அதன் விமானி இறங்குவதைக் கைவிட்டு, விசையைக் கூட்டி மேலெழுந்து சென்றார்.