ஆக்ஸ்போர்டு விடுதியில் தனியொரு மாணவி

"விடுதியில் தங்கிப் படிக்கட்டுமா?" என்று ஒரு பெண் கேட்டவுடன் வீட்டில் எழும் கேள்விகள் எல்லா ஊரிலும் ஒன்றுதான். அங்கே யார் பார்த்துக்கொள்வார்கள்? இரவில் வாசற்கதவை யார் பூட்டுவார்கள்? காய்ச்சல் வந்தால் யார் கஞ்சி வைத்துக் கொடுப்பார்கள்? ஆய்க்குடியிலிருந்து பாளையங்கோட்டைக்குச் செல்வதானாலும் இக்கேள்விகள் உண்டு. கடல் கடந்து செல்வதானால் கேட்கவே வேண்டாம். அன்பினால் எழும் கேள்விகளைச் சலிப்போடு ஒதுக்கிவிடலாகாது. அவற்றுக்கு விவரமாக விடை சொல்வதே முறை. பெண்கள் தனித்துச் சென்று தங்கும் கல்லூரி விடுதி எதற்காகத் தோன்றியது, அது எவ்வாறு நடைபெறுகிறது, இன்று அங்கே செல்லும் மாணவி எவற்றை அறிந்திருக்க வேண்டும் என்பவற்றை, ஆக்ஸ்போர்டு நகரத்தையும் அங்கே சென்று தங்கிய ஓர் இந்திய மாணவியின் வரலாற்றையும் கொண்டு இங்கே காண்போம்.

பட்டத்துக்கு முன் வந்த விடுதி

ஆக்ஸ்போர்டு, லண்டனுக்கு வடமேற்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சிறிய நகரம். மக்கள்தொகை ஒன்றரை லட்சத்துக்குச் சற்று மேல். நமது தென்காசி நகரைப் போல் இரு மடங்குக்குச் சிறிது கூடுதல் எனலாம். உலகப் புகழ் பெற்ற அந்தப் பல்கலைக்கழகத்துக்கு நம் ஊர்க் கல்லூரிகளைப் போல ஒரே மதிற்சுவரும் ஒரே வாயிலும் கிடையா. பல கல்லூரிகள் ஊர் முழுவதும் பரவியிருக்கின்றன. அக்கல்லூரி ஒவ்வொன்றும் படிக்கும் இடம் மட்டுமன்று. உண்டு, உறங்கி, ஆசிரியரோடு உரையாடி வாழும் இல்லமும் அதுவே.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. கல்லூரிகள் யாவும் ஆண்களுக்கே உரியவையாய் இருந்தமையால், பெண்களுக்குத் தங்க இடமில்லை. தங்க இடமில்லாதவருக்குப் படிக்கவும் இடமில்லை. 1879-இல்தான் இந்நிலை மாறத் தொடங்கியது. லேடி மார்கரெட் ஹால், சோமர்வில் ஹால் என்னும் இரண்டு பெண்கள் விடுதிகள் அவ்வாண்டு திறக்கப்பட்டன. மேரி சோமர்வில் என்னும் அறிவியல் எழுத்தாளரின் பெயரைத் தாங்கிய சோமர்வில் 12 மாணவியரோடு தொடங்கியது. இன்ன சமயத்தார்க்கு மட்டுமே இடம் என்னும் கட்டுப்பாடு அங்கே இல்லை.

விடுதி திறந்தது, ஆனால் பட்டம் கிடைக்கவில்லை. மாணவியர் ஆண்களின் கல்லூரிகளுக்குச் சென்று விரிவுரை கேட்க வேண்டுமானால், துணைக்கு மூத்த பெண்மணி ஒருவர் உடன் செல்ல வேண்டும். தேர்வுகள் ஒவ்வொன்றாகத்தான் அவர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. முழு உரிமையோடு பட்டம் பெறும் நாள் 1920-ஆம் ஆண்டு அக்டோபரில்தான் வந்தது. விடுதி திறந்து 41 ஆண்டுகள் சென்ற பின்னரே பட்டம் வந்தது. தங்க ஓர் அறை கிடைத்ததால்தான் பெண்கள் அங்கே காலூன்றினர். காலூன்றிய பின் பட்டத்தையும் கேட்டுப் பெற்றனர்.

நாசிக் நகரத்து மாணவி

அவ்விடுதிக்கு 1889-இல் சென்று சேர்ந்தவர் கொர்னேலியா சோராப்ஜி. இவர் 1866-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் நாள் நாசிக்கில் பிறந்தவர். தந்தையார் பார்சி குலத்திலிருந்து கிறிஸ்தவ மறையைத் தழுவியவர். தாயார் புனேயில் பள்ளி நிறுவி நடத்தியவர். அந்நகரின் தக்காணக் கல்லூரியில் சேர்ந்த முதல் பெண்ணும், பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் பட்டதாரியும் இவரே. தேர்வில் முதன்மையாகத் தேறியதால், இங்கிலாந்து சென்று படிக்க அரசாங்க உதவித்தொகை பெறும் தகுதி இவருக்கு இருந்தது. பெண் என்ற ஒரே காரணத்தால் அது மறுக்கப்பட்டது.

அவர் முடங்கிவிடவில்லை. அகமதாபாத்தில் குஜராத் கல்லூரியில் ஆண் மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பித்தார். இதற்கிடையில் இங்கிலாந்திலே மேரி ஹாப்ஹவுஸ் அம்மையார் செய்தித்தாள் வழியாக நிதி வேண்டினார். விளக்கேந்திய மங்கை எனப் போற்றப்படும் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரும் பொருள் உதவினார். அரசாங்கம் மறுத்ததை அறிமுகமற்ற பெண்கள் சிலர் சேர்ந்து நிறைவேற்றினர்.

ஆக்ஸ்போர்டில் சட்டம் பயின்ற முதல் பெண் இவரே. 1892-இல் பி.சி.எல். என்னும் சட்டத் தேர்வுக்கு அமர வந்தபோது, ஒரு பெண்ணைத் தேர்வெழுத விடுவதா என்ற தயக்கம் எழுந்தது. பல்கலைக்கழக அவை இவருக்கெனத் தனித் தீர்மானம் நிறைவேற்றிய பிறகே எழுத முடிந்தது. மூன்றாம் வகுப்பில் தேறினார். பட்டத்தையோ 30 ஆண்டுகள் காத்திருந்து 1922-இல்தான் பெற்றுக்கொண்டார்.

அவரைத் தாங்கியவை

அக்காலத்தில் பம்பாயிலிருந்து கடிதம் போய்ச் சேரவே இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருவர் அவ்வளவு தொலைவில் எவ்வாறு தங்கினார்? அவரைத் தாங்கியவை நான்கு.

முதலாவது, இறங்கியவுடன் வரவேற்க ஆள் இருந்தது. ஹாப்ஹவுஸ் குடும்பத்தாரும், இந்தியப் பெண்கல்விக்கு உழைத்த அடெலெய்ட் மேனிங் அம்மையாரும் தம் இல்லங்களை அவருக்குத் திறந்துவைத்தனர். இரண்டாவது, விடுதிக்கு ஒரு தலைவி இருந்தார். அதே 1889-இல் பொறுப்பேற்ற ஆக்னஸ் மெய்ட்லண்ட் அம்மையார் சோமர்விலை நடத்தினார். நம் விடுதிகளில் அருட்சகோதரிகள் ஆற்றும் பணியோடு இதனை ஒப்பிடலாம். மூன்றாவது, ஆசிரியர் துணை. பேலியல் கல்லூரித் தலைவர் பெஞ்சமின் ஜோவெட் அவருக்காகப் பரிந்து பேசினார். ஆண்களுக்கே உரியதாயிருந்த ஆல் சோல்ஸ் கல்லூரி நூலகத்தில் அமர்ந்து படிக்கவும் அவருக்கு அனுமதி கிடைத்தது. நான்காவது, வீட்டுக்குத் தவறாமல் எழுதிய கடிதங்கள். அக்கடிதங்கள் இன்றும் லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

தனியே சென்றார் என்று நாம் சொன்னாலும், உண்மையில் அவர் தனியாக விடப்படவில்லை என்பது இதனால் விளங்கும்.

இன்று செல்பவர் அறிய வேண்டியவை

இன்று வானூர்தியில் ஒரே நாளில் போய்ச் சேரலாம். ஆயினும் சில செய்திகளை முன்னரே அறிந்து செல்வது நன்று. ஆழம் தெரியாமல் காலை விடலாகாது அன்றோ!

வாயிலில் "போர்ட்டர்ஸ் லாட்ஜ்" என்று எழுதியிருக்கும். போர்ட்டர் என்றதும் இரயிலடியில் பெட்டி சுமப்பவரையும், லாட்ஜ் என்றதும் அறை வாடகைக்கு விடும் இடத்தையும் நாம் நினைத்துவிடுவோம். அங்கே அது கல்லூரியின் வாயில் காவலகம். அறைச் சாவி, கடிதம், பொட்டலம், நள்ளிரவில் நேரும் உடல்நலக்குறைவு ஆகிய அனைத்துக்கும் முதலில் செல்ல வேண்டிய இடம் அதுவே. வந்து சேர்ந்த அன்றே அதன் தொலைபேசி எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

பருவம் ஒன்றுக்கு எட்டு வாரம் என ஆண்டுக்கு மூன்று பருவங்கள். இளநிலை மாணவர்க்கு அறை பெரும்பாலும் பருவ நாள்களுக்கு மட்டுமே உரியது. கிறிஸ்துமஸ், ஈஸ்டர் விடுமுறைகளில் காலி செய்யச் சொல்லும் கல்லூரிகள் உண்டு. அருகில் வீடுள்ளவர் பெட்டியோடு போய்விடுவர். ஆய்க்குடிப் பெண் எங்கே போவாள்? விடுமுறையில் தங்க இடம் உண்டா, அதற்குக் கட்டணம் என்ன என்பதைச் சேருமுன்னரே எழுதிக் கேட்டுவிட வேண்டும்.

சமையலறை பலருக்கும் பொது. எண்ணெய் புகையக் கடுகு தாளித்தால் தீ எச்சரிக்கை மணி அலறிவிடக்கூடும். கட்டடத்திலுள்ள அனைவரும் குளிரில் வெளியே வந்து நிற்க நேரிடும். அறைக்குள் மெழுகுவர்த்தி, ஊதுவத்தி, விளக்கு ஏற்றுவது பொதுவாகத் தடை செய்யப்பட்டுள்ளது. ஜெபத்துக்கானாலும் விதி விதியே.

குற்றாலத்துச் சாரல் நமக்கு ஆனி, ஆடி மாத இன்பம். அங்கோ சாரல் போன்ற மழை எந்த மாதத்திலும் வரும். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். ஜூனில் இரவு ஒன்பதுக்கும் வெளிச்சம் இருக்கும். நம் கடிகாரம் குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரமும், கோடையில் நாலரை மணி நேரமும் முன்னே ஓடுகிறது. அங்கே இரவுச் சாப்பாடு முடித்துப் பேச அழைத்தால், இங்கே அம்மா உறங்கிப்போயிருப்பார். எந்நாள், எந்நேரம் பேசுவது என்பதை இரு வீட்டாரும் முதலிலேயே முடிவு செய்துகொண்டால் வீண் கவலை குறையும்.

சேர்ந்தவுடன் உள்ளூர் மருத்துவரிடம் பெயர் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஆபத்து வேளையில் அழைக்கும் எண் 999. நீண்ட படிப்புக்கான விசா கேட்கும்போது படிப்புக் கட்டணத்தோடு, ஒன்பது மாதம் வரையிலான வாழ்க்கைச் செலவுக்கும் பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். மருத்துவ வசதிக்கான கட்டணத்தையும் அப்போதே செலுத்த வேண்டும்.

கடைசியாகத் தனிமை. முதல் சில வாரங்களில் அழுகை வருவது இயல்பு; அதனால் யாரும் தோற்றவராகிவிட மாட்டார். கதவை மூடிக்கொண்டு அறையிலேயே உண்பதை விட, பொது உணவுக்கூடத்தில் நாலு பேரோடு அமர்ந்து உண்பது நல்ல மருந்து. மாணவர் நலனுக்கெனக் கல்லூரியில் பொறுப்பாளர் இருக்கிறார். கத்தோலிக்க மாணவர்க்கான ஆன்மிகப் பணி மையமும் அந்நகரில் உண்டு.

பெற்றோருக்கு ஒரு சொல்

கொர்னேலியா படித்த படிப்பு என்னவாயிற்று? தாயகம் திரும்பியவர், கோஷா முறையில் வாழ்ந்த பெண்களின் வழக்குகளைக் கையிலெடுத்தார். அயல் ஆண்களோடு பேசக்கூடாது என்பதால், தம் சொத்து பறிபோனாலும் வழக்கறிஞரிடம் முறையிட வழியின்றி அவர்கள் தவித்தனர். 1904-இல் வங்காள அரசு இவரைச் சட்ட ஆலோசகராக அமர்த்தியது. நூற்றுக்கணக்கான பெண்களுக்கும் அனாதைச் சிறுவர்க்கும் இவரால் நீதி கிடைத்தது. ஆண் வழக்கறிஞர் எவரும் நுழைய முடியாத அந்தப்புரங்களுக்குள் இவர் நுழைய முடிந்தது. அதற்கு வேண்டிய சட்ட அறிவைப் பெற்றுத் தந்தது ஆக்ஸ்போர்டில் கிடைத்த ஓர் அறை.

நம் பகுதியிலும் பாளையங்கோட்டை சாராள் தக்கர் கல்லூரி 1895-இலேயே தொடங்கியது. கிராமத்துப் பெண்களை விடுதிக்கு அனுப்பத் துணிந்த பெற்றோர் இல்லையேல், பெண்கள் கல்லூரி எதுவும் வளர்ந்திருக்க முடியாது.

ஆகவே பெற்றோரே, பாளையங்கோட்டையானாலும் ஆக்ஸ்போர்டானாலும் விடுதியைப் பற்றி மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இரவில் என் மகள் திரும்பாவிட்டால் முதலில் அறிபவர் யார்? உடல்நலம் குன்றினால் அவளை மருத்துவரிடம் அழைத்துச் செல்பவர் யார்? விடுமுறையில் அவள் எங்கே இருப்பாள்? மூன்றுக்கும் தெளிவான விடை கிடைக்காத விடுதி அருகிலிருந்தாலும் வேண்டாம். கிடைக்குமானால், தொலைவைக் காரணம் காட்டி மறுக்க வேண்டாம். அவளுக்கு அறை கிடைத்தால்தான் படிப்பும் கிடைக்கும்.