கடைக்குப் பெயர்ப் பலகை: காசு கொடுத்துச் செய்யறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

கடை வாடகைக்குப் பேசியாச்சு. பெயரும் முடிவாச்சு. இனி போர்டு மாட்டினா போதும்னு நினைக்கிறீங்களா? கொஞ்சம் பொறுங்க.

மலேசியாவில் கடையின் பெயர்ப் பலகையும் விளம்பரமாகவே கருதப்படுகிறது. அதை மாட்ட ஊராட்சி மன்றத்தின் உரிமம் வேண்டும். பலர் முதலில் பலகையைச் செய்துவிட்டு, அப்புறம்தான் உரிமத்தைப் பற்றி யோசிக்கிறார்கள். மன்றம் அளவையோ எழுத்தையோ மாற்றச் சொன்னால், செய்த பலகை வீண். இன்னொரு முறை செலவு செய்ய வேண்டியதுதான்.

எஸ்.எஸ்.எம். பதிவு இருந்தா போதாதா?

போதாது. இரண்டும் வேறு வேறு.

தீபகற்ப மலேசியாவில், 1956ஆம் ஆண்டு வர்த்தகப் பதிவுச் சட்டப்படி, தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்.எஸ்.எம். எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிய வேண்டும். அடையாள அட்டையில் உள்ள உங்கள் பெயரிலேயே தொழில் செய்தால் ஆண்டுக்கு 30 ரிங்கிட். கடைக்கென்று தனிப் பெயர் வைத்தால் 60 ரிங்கிட்.

அந்தப் பதிவு, இந்தப் பெயரில் இவர் தொழில் செய்கிறார் என்பதை மட்டுமே காட்டும். இந்த இடத்தில், இந்த அளவில், இந்தப் பலகையை மாட்டலாம் என்று சொல்வது ஊராட்சி மன்றம்.

எந்த மன்றத்திடம் கேட்கணும்?

கடை எங்கே இருக்கிறதோ, அந்த இடத்து மன்றத்திடம். பிரிக்பீல்ட்ஸிலோ மஸ்ஜிட் இந்தியா சாலையிலோ கடை வைத்தால் டிபிகேஎல் எனப்படும் கோலாலம்பூர் மாநகர் மன்றம். அங்கே 1982ஆம் ஆண்டின் விளம்பரத் துணைச் சட்டம் நடப்பில் உள்ளது. கிள்ளான் லிட்டில் இந்தியாவில் கடை என்றால் கிள்ளான் அரச மாநகர் மன்றம்.

தீபகற்பத்தில் 1976ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டம் ஒவ்வொரு மன்றத்துக்கும் துணைச் சட்டம் இயற்றும் அதிகாரத்தைத் தருகிறது. சபா, சரவாக்கில் அவற்றுக்கென்று தனிச் சட்டங்கள் உண்டு. எனவே ஈப்போவில் கடை வைத்திருக்கும் மாமா சொன்ன விதி, ஷா ஆலாமில் உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம்.

போர்டுல தமிழ் எழுதலாமா?

எழுதலாம். ஆனால் தேசிய மொழி கட்டாயம் இருக்க வேண்டும். அளவிலும் இடத்திலும் அதற்கே முதன்மை. தமிழோ, சீனமோ, ஆங்கிலமோ அதைவிடச் சிறியதாக, அதனுடன் சேர்ந்து வரலாம்.

2024 நவம்பரில் தேசிய மொழி இல்லாத பலகைகள் மீது டிபிகேஎல் நடவடிக்கை எடுத்தபோது, இந்த விவகாரம் நாடு முழுக்கப் பேசப்பட்டது. 'இனி தமிழே போடக் கூடாது போல' என்று சிலர் நினைத்துக்கொண்டார்கள். விதி அப்படிச் சொல்லவில்லை. கூட்டரசு அரசியலமைப்பின் 152ஆவது பிரிவு மலாயை தேசிய மொழி என்கிறது. அரசாங்கக் காரியங்களுக்கு அல்லாத மற்றவற்றில் வேறு மொழிகளைப் பயன்படுத்துவதை யாரும் தடுக்கக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. பயந்துகொண்டு தமிழை நீங்களே எடுத்துவிட வேண்டியதில்லை. விதிப்படி அளவைச் சரிசெய்தால் போதும்.

மலாய் வரி சரியா இருக்கா?

இங்கேதான் நம்மில் பலர் தடுக்கி விழுகிறோம். தமிழில் 'ராஜா உணவகம்' என்போம். பெயர் முன்னால், கடை பின்னால். மலாயில் அது தலைகீழ். 'ரெஸ்தோரான் ராஜா' என்பதே சரி. 'ராஜா ரெஸ்தோரான்' என்று எழுதினால் மலாய் இலக்கணப்படி பிழை. அதேபோல 'லட்சுமி நகைக்கடை' மலாயில் 'கெடாய் எமாஸ் லட்சுமி' ஆகும். அந்த 'கெடாய்' நம்ம 'கடை'யிலிருந்து மலாய்க்குப் போன சொல்தான்!

ராஜா, லட்சுமி போன்ற பெயர்களை மொழிபெயர்க்கத் தேவையில்லை. என்ன கடை என்று சொல்லும் சொல்தான் மலாயில் இருக்க வேண்டும். பலகையின் வாசகத்தை டேவான் பஹாசா டான் புஸ்தாகாவிடம் காட்டி மொழிச் சரிபார்ப்பு வாங்கி வரும்படி பல மன்றங்கள் கேட்கின்றன. வாசகம் முடிவானதும் முதல் வேலையாக இதை முடித்துவிடுங்கள்.

என்னென்ன கொண்டு போகணும்?

பட்டியல் மன்றத்துக்கு மன்றம் மாறும். பொதுவாகக் கேட்கப்படுபவை:

- அடையாள அட்டை நகல்
- எஸ்.எஸ்.எம். பதிவுச் சான்றிதழ்
- வாடகை ஒப்பந்தம் அல்லது கட்டட உரிமையாளரின் சம்மதம்
- கடை முகப்பின் படம்
- நீளம், அகலம், நிறம், வாசகம் எல்லாம் தெரியும்படி பலகையின் வண்ண வரைபடம்

டிபிகேஎல் உட்படப் பல மன்றங்களில் வணிக உரிமத்தையும் விளம்பர உரிமத்தையும் ஒன்றாகவே விண்ணப்பிக்கலாம். கட்டணம் பெரும்பாலும் பலகையின் பரப்பளவைப் பொறுத்தது. விளக்கு வைத்த பலகைக்குக் கூடுதலாகும் இடங்களும் உண்டு. பெரிய பலகைக்கோ, கூரைமேல் நிற்கும் பலகைக்கோ பொறியாளரின் வரைபடம் கேட்கப்படலாம்.

ஜார்ஜ் டவுனிலும் மலாக்காவிலும் 2008 முதல் யுனெஸ்கோ பாரம்பரியப் பகுதிகள் இருக்கின்றன. அங்கே கடை என்றால், பழைய கட்டடத்தின் முகப்பை மறைக்காதபடி பலகை அமைய வேண்டும். முன்கூட்டியே மன்றத்திடம் கேட்டுவிடுங்கள்.

உரிமம் கிடைச்சாச்சு. அப்புறம்?

ஊராட்சி மன்றச் சட்டத்தின் 107ஆவது பிரிவுப்படி, ஓர் உரிமம் அதிகபட்சம் 3 ஆண்டுகள்தான் செல்லும். பல மன்றங்கள் ஆண்டுதோறும் புதுப்பிக்கச் சொல்கின்றன. உரிமத்தைக் கடையில் பார்வையில் படும்படி வைக்க வேண்டும். காரணம் சொல்லாமலேயே அதை ரத்து செய்யும் அதிகாரமும் மன்றத்துக்கு உண்டு. அதற்கு இழப்பீடு கிடையாது. அதனால் நிபந்தனைகளை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பெயரை மாற்றினாலோ, பலகையைப் பெரிதாக்கினாலோ, விளக்கு சேர்த்தாலோ மறுபடியும் மன்றத்திடம் போக வேண்டும். திறப்பு விழா பேனர், தீபாவளி விற்பனைத் தோரணம் எல்லாம் தற்காலிக விளம்பரம். அதற்குத் தனி அனுமதி. கடை வாசல் ஐந்தடியில் நிறுத்தும் போர்டும் கவனம்: அது பொது நடைபாதை, வழியை மறித்தால் குற்றம்.

ஆக, வரிசை இதுதான்: எஸ்.எஸ்.எம். பதிவு, பலகை வரைபடம், மொழிச் சரிபார்ப்பு, மன்ற உரிமம். போர்டு செய்பவருக்கு முன்பணம் கொடுப்பது இதெல்லாம் முடிந்த பிறகு. அதுவரை அவரிடம் வரைபடம் மட்டும் கேளுங்கள்.