வெண்கல விஞ்ஞானிகளும் உப்புக் காற்றும்

தபால் தலைகளையும் நாணயங்களையும் சேர்ப்பவர்கள் உங்களிடையே பலர் இருக்கலாம். கலீலியோவையும் நியூட்டனையும் வெண்கலத்தில் சேர்ப்பவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டதுண்டா? 19-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வார்க்கப்பட்ட இத்தகைய சிறு சிலைகளை இன்றும் பலர் தேடி வாங்குகிறார்கள்.

இச்சிலைகள் பெருக ஒரு பொறி உதவியது. ஆஷீல் கொலாஸ் என்பவர் அமைத்த அந்தப் பொறியின் ஒரு முனை பெரிய சிலையைத் தடவிச் செல்லும். மறுமுனை அதே வடிவைச் சிறிதாகச் செதுக்கும். 1838-ல் அவரும் பார்பெதியென் என்பவரும் கூட்டுச் சேர்ந்து தொழில் தொடங்கினர். உயரம் பாதியானால் பருமன் எட்டில் ஒரு பங்காகும் அல்லவா? செலவாகும் உலோகமும் அதற்கேற்பக் குறைந்தது. சிறிய மாதிரியை மணல் அச்சில் பதித்து வெண்கலத்தை வார்த்தார்கள். எண்ணூரில் மோட்டார் வண்டிப் பாகங்களை வார்ப்பதும் இதே மணல் அச்சு முறையில்தான்.

வெண்கலத்துக்கு எதிரிகள் உண்டு. ஒன்று, போர். இயற்பியல் அறிஞர் அராகோவுக்குப் பாரிஸில் 1893-ல் நிறுவிய சிலையை இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் உலோகத்துக்காக உருக்கிவிட்டார்கள். பீடம் மட்டுமே எஞ்சியது.

இன்னொன்று, உப்பு. ராயபுரம், திருவொற்றியூர் வீடுகளில் ஜன்னல் கம்பி எவ்வளவு விரைவில் துருப்பிடிக்கிறது என்பதை அறிவீர்கள். கடற்காற்றிலுள்ள குளோரைடு வெண்கலத்தையும் விடாது. அது தாமிரத்துடன் சேர்ந்து தாமிரக் குளோரைடாகிறது. பின்பு ஈரமும் ஆக்சிஜனும் சேர, வெளிர் பச்சைத் தூளும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் உண்டாகின்றன. அந்த அமிலம் மீண்டும் தாமிரத்தைத் தின்கிறது. இச்சுழற்சியைத் தடுக்காவிட்டால் சிலையின் முகமே அழிந்துபோகும். இதற்கு 'வெண்கல நோய்' என்று பெயர்.

நோய்க்கு மருத்துவமும் உண்டு. சோழர் கால வெண்கலங்கள் நிறைந்த எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-ல் ரசாயனப் பாதுகாப்புக் கூடம் தொடங்கப்பட்டது. அங்கே பணியாற்றிய எஸ். பரமசிவன், மின்பகுப்பு முறையால் சிலைகளைக் காத்தார். நீர்த்த எரிசோடாக் கரைசலில் சிலையை எதிர்மின்வாயாக வைத்து மின்சாரம் செலுத்தினால், குளோரைடு அயனிகள் சிலையை விட்டு நேர்மின்வாயை நோக்கி நகரும்.

பழைய சிலை ஒன்று உங்கள் கைக்குக் கிடைத்தால் என்ன செய்வீர்கள்? வெண்கலப் பூச்சுப் பூசிய துத்தநாகச் சிலைகளும் அக்காலத்தில் ஏராளமாக விற்கப்பட்டன. காந்தம் இரண்டையும் இழுக்காது. ஆர்க்கிமிடீஸ் தத்துவம் கைகொடுக்கும். காற்றில் 880 கிராம் எடையுள்ள சிலை, காற்றுக்குமிழி தங்காமல் நீரில் முழுவதும் அமிழ்ந்திருக்கையில் 780 கிராம் காட்டினால், ஒப்படர்த்தி 8.8, அது வெண்கலமாகலாம். 756 கிராம் காட்டினால் ஒப்படர்த்தி 7.1, அது துத்தநாகம். காய்ச்சி வடித்த நீரையே பயன்படுத்துங்கள். பிறகு நன்கு உலர்த்துங்கள். ஆனால் விரலில் ஒட்டும் பச்சைத் தூள் தெரிந்தால் நனைக்கவே வேண்டாம்.

புளியிட்டுத் தேய்ப்பதும் கூடாது. சிலையைப் பல்லாண்டு காலமாகக் காத்துவந்த கருமையான மேல்படலத்தைப் புளியின் அமிலம் கரைத்துவிடும்.

இரண்டு செப்புக் கம்பித் துண்டுகளைப் பளபளப்பாகத் தேய்த்து, ஒன்றில் மட்டும் நாள்தோறும் உப்புநீர் தெளித்து வாருங்கள். ஒரு வாரத்தில் நீங்களே வேறுபாட்டைக் காண்பீர்கள்.