மறதி நோயுற்றோரும் நமது கடமையும்

சேலத்திலிருந்து தர்மபுரி வழியாகப் பெங்களூர் செல்லும் ரயில் மார்க்கத்தில் மாரண்டஹள்ளி ஒரு சிறு ஸ்டேஷன். ஓசூருக்கும் பெங்களூருக்கும் பிழைப்புத் தேடிச் செல்லும் வாலிபர்கள் இங்கே ரயில் ஏறுகிறார்கள். வீட்டில் எஞ்சி நிற்போர் பெரும்பாலும் முதியவர்களே. அவர்களில் ஒருவருக்கு ஞாபகம் தவறிப்போனால் அவரைப் பேணுவது யார், எவ்வாறு என்னும் கேள்வியை அரசியல் தொண்டர்கள் இதுகாறும் பொருட்படுத்தவில்லை.

இதனை வெறும் வயோதிகத்தின் கோளாறென்று தள்ளிவிடுவது பிழை. 1906-ம் வருஷத்தில் அலோயிஸ் ஆல்ஸைமர் என்னும் ஜெர்மானிய வைத்தியர் மூளையின் இந்நோயை எடுத்துக் காட்டினார். 2023-ல் வெளியான ஆராய்ச்சியொன்று நம் தேசத்தில் அறுபது வயது கடந்தோரில் நூற்றுக்கு 7.4 பேர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், மறதி நோயுற்றிருப்பதாக மதிப்பிட்டது. பட்டணங்களைவிடக் கிராமங்களில்தான் இது அதிகம் என்றும் அது கண்டது.

நோயாளி மாலையில் வீட்டைவிட்டுப் புறப்படுகிறார், குளிக்க மறுக்கிறார், தொட வந்தவரை அடிக்கிறார். திகைத்துப்போன குடும்பத்தார் கதவைப் பூட்டுகின்றனர். சிலர் கட்டிப்போடவும் செய்கின்றனர். ஆள் போதாத விடுதிகளிலோ மயக்க மருந்தே துணை. சித்தப் பிரமைக்குக் கொடுக்கும் மருந்துகள் மறதி நோயுற்ற முதியோரிடையே மரணத்தை அதிகரிக்கின்றன என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2005-லேயே எச்சரித்தது. நமது 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோய்க்குக் கூறும் இலக்கணத்தில் ஞாபகக் கோளாறும் அடங்கும். அதே சட்டத்தின் 95-வது பிரிவு, மனநோயுற்றோரை எவ்விதத்திலும் சங்கிலியால் பிணைக்கலாகாதென்று விதிக்கிறது.

பின் என்னதான் வழி? அண்மையில் நடந்தவை முதலில் மறந்துபோகின்றன. இளமையில் பழகிய ராகமும், கை பழகிய வேலையும், அன்புடன் தொடும் ஸ்பரிசமும் நெடுநாள் நிலைக்கின்றன. இந்த வாயில்கள் மூலம் நோயாளியைச் சாந்தப்படுத்துவதே புலன்வழிப் பராமரிப்பு. 1970-களில் ஹாலந்து தேசத்தார், அறிவு வளர்ச்சி குன்றியோருக்கென்று மெல்லிய விளக்கும் இசையும் நறுமணமும் அமைந்த அறைகளை நிறுவினர். பின்னர் அம்முறை மறதி நோயாளரின் விடுதிகளுக்கும் பரவியது. இவ்வறைகளின் பலனைப் பற்றி ஆராய்ச்சிகள் இன்னும் உறுதியான தீர்ப்புக் கூறவில்லை. இசை மனச்சோர்வைக் குறைக்கக்கூடும் என்பதற்கு அதைக் காட்டிலும் நல்ல சான்று உண்டு. நோயை எதுவும் குணப்படுத்தாது. ஆயினும் அச்சம் நீங்கிய ஒரு மாலைப்பொழுது அற்பமானதன்று.

அந்நிய நாட்டு அறையை விலைகொடுத்து வாங்க வேண்டியதுமில்லை. ராகி அரைத்துக் களி கிளறிய கைகளுக்கு ஒரு முறத்தில் தானியம் கொடுத்தால் அவை தாமே புடைக்கத் தொடங்கலாம். தலையில் எண்ணெய் தேய்த்துவிடுதல், வெதுவெதுப்பான நீரில் பாதம் கழுவுதல், அவர் வாலிபத்தில் கேட்ட பாட்டு ஆகியவை போதும். இவ்வெல்லைப் பிரதேசத்தில் தெலுங்கோ கன்னடமோ தாய்மொழியானவர்கள் ஏராளம். பிற்காலத்தில் கற்ற பாஷை முன்னதாக நழுவக்கூடுமாதலால், தாய்மொழியில் பேசும் ஒருவர் அருகிலிருப்பது அவசியம். மணம் உணரும் சக்தி இந்நோயில் விரைவிலேயே குன்றுவதுண்டு. ஆதலால் மல்லிகையை மட்டும் நம்பியிருத்தல் கூடாது. எது பிடிக்கிறது, எது வெறுப்பூட்டுகிறது என்று முகத்தைப் பார்த்தே அறியவேண்டும். ஒருவர் திடீரெனக் கலவரமடைந்தால் வலி, மலச்சிக்கல், மூத்திரத் தொற்று முதலியன உண்டா என்று வைத்தியரைக்கொண்டு முதலில் சோதித்தல் வேண்டும்.

சர்க்காரின் கடமை யாது? ஆதரவற்ற முதியோர் 150 பேருக்குக் குறையாமல் தங்கத்தக்க இல்லத்தை ஜில்லாவுக்கு ஒன்றாகவேனும் தொடங்கி அமைக்க 2007-ம் வருஷத்து முதியோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் 'அமைக்கலாம்' என்று எழுதியதேயன்றி, 'அமைக்கவேண்டும்' என்று எழுதவில்லை. அந்த ஒரு சொல்லின் பின்னே பொறுப்பு ஒளிந்துகொள்கிறது. அடுத்த ஜில்லாவான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் வீடு தேடி மருந்து தருவது. வலி தணிக்கும் செவிலியரும் அதில் உண்டு. அவர்களுக்கு இப்பராமரிப்பில் பயிற்சி அளித்து, நோயாளி வீடுகளுக்கு அனுப்புவது பெருஞ்செலவாகாது. இரவு பகலாக உழலும் மருமகளுக்கும் மகளுக்கும் வாரத்தில் ஒரு நாளாவது ஓய்வு கிடைக்க, பகல்நேர நிலையமொன்று ஒவ்வொரு தாலுகாவிலும் வேண்டும்.

சேவாக்ராமத்தில் தொழுநோயுற்ற பர்ச்சுரே சாஸ்திரியைக் காந்தியடிகள் தம் கையாலேயே பிடித்துவிட்டார். நாட்டின் விடுதலைப் போருக்கிடையில் அதற்கும் அவருக்குப் பொழுது இருந்தது. மேடைதோறும் தேச சேவையைப் பேசும் நண்பர்களை நாம் ஒன்று கேட்கிறோம். உங்கள் தெருவில் பூட்டிய கதவொன்றின் பின்னே ஒரு முதியவர் அமர்ந்திருக்கலாம். நாளை மாலை அரை மணி நேரம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருங்கள். உங்கள் பெயர் அவர் நினைவில் நில்லாது. அன்று இரவு அவர் அமைதியாக உறங்கினால் அதுவே போதும்.