மாமரத்தின் தூரத்துப் பங்காளி

தோஹாவில் வேலை பார்க்கும் என் சித்தப்பா மகன் போன சித்திரையில் சேலம் வந்தபோது, பேரீச்சம்பழத்தோடும் பிஸ்தாவோடும் ஒரு சின்னப் பொட்டலத்தையும் கொண்டுவந்தான். பிரித்தால் கருஞ்சிவப்பில், கொஞ்சம் ஈரப்பிசுக்கோடு, கரகரவென்று ஒரு பொடி. மிளகாய்த்தூள் என்று நினைத்துத் துளி எடுத்து நாக்கில் வைத்த அத்தை கண்ணைச் சுருக்கினார். "மாவத்தலை இடிச்சுச் சாயம் போட்ட மாதிரி இருக்குது கண்ணு" என்றார்.

அத்தைக்குத் தாவரவியல் தெரியாது. ஆனால் அவர் நாக்கு சரியான குடும்பத்தைத்தான் பிடித்திருந்தது. அந்தப் பொடியின் பெயர் சுமாக். ரஸ் கொரியாரியா என்ற குத்துமரத்தின் காய்ந்த கனிகளை ஒன்றிரண்டாகத் திரித்தது. மத்தியதரைக்கடல் ஓரத்திலிருந்து ஈரான் வரை வறண்ட சரிவுகளில் வளரும் அந்த மரம், நம் மாமரம் இருக்கும் அனகார்டியேசி குடும்பத்தைச் சேர்ந்தது. முந்திரி, பிஸ்தா, ஒதியமரம், சேங்கொட்டை எல்லாம் அதே வகையறா. இந்தக் குடும்பத்துக்கு ஒரு பொதுக்குணம் உண்டு, சுடும் பால். மாங்காய்ப் பால் பட்டு உதடு வெந்த பிள்ளை இல்லாத தெரு சேலத்தில் இருக்காது. முந்திரிக்கொட்டைத் தோலின் எண்ணெய் கையைப் பொத்துப்போக வைப்பதும், சேங்கொட்டை உடம்பைத் தடிக்கவைப்பதும் அதே பரம்பரைச் சொத்துதான். சமையல் சுமாக்கின் கனியில் அந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் முந்திரியோ பிஸ்தாவோ ஒத்துக்கொள்ளாதவர்கள் பங்காளியிடமும் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

புளிப்பு என்றால் நமக்குப் புளிதான். பெயரே அதிலிருந்துதானே. ஆனால் எல்லாப் புளிப்பும் ஒன்றல்ல. புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். பழம் முற்றினாலும் அது குறையாது. எலுமிச்சையில் சிட்ரிக், சட்டென்று ஏறிச் சட்டென்று இறங்கும். மாங்காயில் சிட்ரிக்கோடு மாலிக்கும் சேர்ந்திருக்கும். சுமாக்கில் மாலிக்தான் தலைமை. பச்சை ஆப்பிளைக் கடித்தால் நாக்கின் ஓரத்தில் கொஞ்ச நேரம் தங்கி நிற்குமே, அந்தப் புளிப்பு. எந்த அமிலமானாலும் நாக்குக்குத் தெரிவது அது விடும் ஹைட்ரஜன் அயனி. அதை உள்ளே விடும் வாசலாக ஓட்டோப்1 என்ற புரதத்தை ஆய்வாளர்கள் அடையாளம் கண்டது 2018-இல்தான். இனிப்புக்கும் கசப்புக்கும் ஏற்பிகள் தெரிந்து பல ஆண்டுகள் கழித்துத்தான் புளிப்பின் கதவு திறந்தது.

சுமாக்குக்குப் புளிப்போடு துவர்ப்பும் உண்டு. காரணம் டானின். இந்த மரத்தின் இலையைச் சிசிலியில் தோல் பதனிடப் பயன்படுத்தினார்கள். நம் பக்கம் ஆவாரம்பட்டை செய்த அதே வேலை. தோலிலுள்ள புரதத்தைப் பிடித்து இறுக்குவது டானினின் தொழில். நம் எச்சிலிலுள்ள புரதத்தையும் அது அப்படியே பிடிப்பதால்தான் வாய் உலர்ந்து இழுப்பதுபோல் இருக்கிறது. இந்தத் துவர்ப்பு கொழுப்புக்கு நேர் எதிரி. நெய், எண்ணெய், தோலோடு வெந்த கோழி என்று நாக்கில் படலம் கட்டும் எதையும் அது துடைத்துவிடும்.

டானினுக்கு இரும்பு ஆகாது. கடுக்காய்ச்சாறும் இரும்பும் சேர்ந்தால் கறுத்து மையாகும் என்பது பழைய கைவேலை. அதனால் இரும்பு வாணலியில் சுமாக்கைப் போட்டு வேகவைத்தால் குழம்பு கறுத்து, உலோகச் சுவை ஏறும். கஞ்சமலை இரும்புத்தாதுவைப் பக்கத்தில் வைத்திருக்கும் ஊர்க்காரன் இதைச் சொல்லாமல் விடக்கூடாது. எவர்சில்வர் பாத்திரத்தில் பயமில்லை. அதிலுள்ள குரோமியம் மேலே மெல்லிய காப்புப் படலம் போட்டுக்கொள்வதால் இரும்பு வெளியே வராது. மண்சட்டியும் சரி.

இனி அடுப்படி. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சுமாக்கைப் புளிக்குழம்பில் போடாதீர்கள், ரசத்திலும் வேண்டாம். புளியின் இடத்தில் உட்கார அதற்கு உடம்பில்லை. கொதிக்கக் கொதிக்கச் சிவப்பு நிறமியான ஆந்தோசயனின் சிதைந்து பழுப்பாகும், டானின் மேலும் மேலும் இறங்கித் துவர்க்கும். அதன் பெருமை வேறு. தண்ணீர் இல்லாத புளிப்பு அது. புளிக்கரைசல், எலுமிச்சைச்சாறு, தயிர், தக்காளி எல்லாமே ஈரத்தோடுதான் வரும். மொறுமொறுப்பான பண்டத்தில் ஈரம் பட்டால் மாவுச்சத்து அதை உறிஞ்சித் தொளதொளத்துப் போகும். சேலத்துத் தட்டுவடை செட் வாங்கியவுடன் சாப்பிட்டால்தான் ருசி என்பது இதனால்தான். இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயத்தோடு சட்னியும் இருக்கிறது, நொறுக்கலுக்கு ஆயுள் சில நிமிடங்கள். சட்னியைப் பாதியாகக் குறைத்து, காய்த்துருவலின் மேல் ஒரு சிட்டிகை சுமாக் தூவிப் பாருங்கள். புளிப்பு குறையாது, தட்டுவடை கடைசிக் கடி வரை உடையும்.

மரவள்ளிக்கிழங்குக்கும் இதுவே பொருந்தும். சேலம், நாமக்கல் இரண்டு பக்கமும் விளைந்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் கிழங்கு, வேகவைத்தால் வெறும் மாவுச்சத்து. தனக்கென்று பெரிய மணமில்லை. சூடாகப் பிட்டு, கடலெண்ணெயில் கடுகும் வரமிளகாயும் தாளித்துக் கொட்டி, அடுப்பை அணைத்தபின் அரைத் தேக்கரண்டி சுமாக். நான் தின்றவற்றில் இதற்குத்தான் முதலிடம் தருவேன்.

நாமக்கல் முட்டை இல்லாமல் இந்தக் கட்டுரை நகராது. துருக்கியிலும் லெபனானிலும் பொரித்த முட்டைமேல் சுமாக் தூவுவது சாதாரண காலை உணவு. மஞ்சள்கருவின் கொழுப்பைத் துவர்ப்பு வெட்டும். எலுமிச்சை பிழிந்தால் முட்டை நீர்த்துவிடும், பொடிக்கு அந்தக் குறை இல்லை. மஞ்சள்கருவின் மேல் பரிமாறும் நேரத்தில் தூவுங்கள். வெள்ளைக்கரு காரத்தன்மை உள்ளது, ஆந்தோசயனினோ காரத்தைக் கண்டால் நிறம் மாறும். ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் சுமாக்கைக் கரைத்து ஆப்பச்சோடா ஒரு சிட்டிகை போட்டால் சிவப்பு செத்து இருண்டுபோவதைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். செம்பருத்திப் பூச்சாறும் அப்படித்தான் நிறம் மாறும். பஜ்ஜி, போண்டா மாவில் சோடா இருந்தால் சுமாக்கை மாவில் கலக்காமல் பொரித்தபின் மேலே போடச் சொல்வதும் இதற்காகத்தான்.

வெங்காயம் தனிக் கதை. மெல்லிசாக அரிந்து உப்பும் சுமாக்கும் போட்டு விரலால் பிசறிப் பத்து நிமிடம் வைத்தால், உப்பு நீரை இழுக்க, அந்த நீரில் அமிலம் கரைந்து வெங்காயம் ரோஜா நிறமாகும். நறுக்கும்போது காரநெடியை உண்டாக்கும் நொதிகளுக்குப் புளிப்புச் சூழல் ஒத்துவராததால் காட்டமும் அடங்கும். சின்ன வெங்காயத்தில் செய்தால் இனிப்பு கூடுதலாகத் தெரிகிறது. பிரியாணிக்கு, கறிவறுவலுக்கு, சும்மா சப்பாத்திக்குக்கூட.

கொதிக்கவைக்காதே என்றேன், அதற்கு ஒரு விலக்கு உண்டு. பாலஸ்தீனத்தில் முசாக்கான் என்று ஒரு கோழிச்சமையல். நிறைய வெங்காயத்தை ஆலிவ் எண்ணெயில் குழைய வதக்கிச் சுமாக் சேர்த்து, வெந்த கோழியோடு ரொட்டிமேல் பரப்புவார்கள். அங்கே எண்ணெயும் வெங்காய இனிப்பும் அவ்வளவு இருப்பதால் துவர்ப்பு மீறுவதில்லை. நாட்டுக்கோழியும் கடலெண்ணெயும் வைத்து வீட்டில் செய்தேன். ஆலிவ் எண்ணெயைவிடக் கடலெண்ணெய் கனமாக இருந்ததால் சுமாக் ஒன்றரை மடங்கு தேவைப்பட்டது.

கடையில் வாங்கும் சுமாக்கில் உப்பு கலந்திருப்பது வழக்கம். முதலில் பொடியைத் தூவி ருசி பார்த்து, பிறகு உப்பைத் தொடுங்கள். காற்றுப்புகாத சீசாவில், வெளிச்சம் படாமல் வைத்தால் நிறம் நிற்கும். கிடைக்கவில்லையா? அத்தையின் வாக்கைப் பிடித்துக்கொண்டு நான் ஒரு மாற்றுப் பொடி செய்தேன். சித்திரை, வைகாசிக் காற்றுக்கு உதிர்ந்த மாங்காயைத் தோலோடு கீறி, உப்பில் பிசறி, சலசலக்கும்வரை வெயிலில் காயவைத்த வற்றல் நான்கு பங்கு. துவர்ப்புக்கு நெல்லி வற்றல் ஒரு பங்கு. நிறத்துக்குக் காய்ந்த சிவப்புச் செம்பருத்தி இதழ் கொஞ்சம். மூன்றையும் கரகரப்பாகத் திரித்தேன். மாங்காய் வாசம் தூக்கலாக இருந்தது, சுமாக்கின் மர வாசம் இல்லை. ஆனால் முட்டைமேல் தூவியபோது தோஹாக்காரனே இரண்டாவது முட்டை கேட்டான்.

அத்தை நெல்லியைப் பாதியாகக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். அடுத்த காற்றுக்கு மாங்காய் உதிரட்டும் என்று முறத்தை எடுத்து வைத்திருக்கிறோம்.